தாழ்வுபாட்டுக் காற்றும் நான்காம் வருடப் பாடங்களும்

பொறியியல் பீடத்தில் படிக்கும் மன்னார்ப் பிள்ளைகள் தெரிவுப் பாடத்தை எப்படித் தேர்ந்தால் வேலை கிடைக்கும்?

மன்னார்த் தீவின் தென்கரையில், தாழ்வுபாட்டிலிருந்து துள்ளுக்குடியிருப்புப் பக்கம் வரை, கடலைப் பார்த்தபடி 30 காற்றாலைகள் நிற்கின்றன. 'தம்பபவனி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், சேர்த்துப் பார்த்தால் 103.5 மெகாவாட். சுழலிகள் டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனத்துடையவை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் இலங்கை மின்சார சபை இதைக் கட்டி, 2020 டிசெம்பரில் திறந்தது. இந்தத் தீவிலிருந்து பொறியியல் பீடத்துக்குப் போன பிள்ளை விடுமுறைக்கு வீடு வரும்போதெல்லாம் இவற்றைப் பார்க்கிறது. ஆனால் தெரிவுப் பாடங்களைப் பதியும் நாள் நெருங்கும்போது, அந்தப் பதிவுக்கும் இந்தக் காற்றாலைகளுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா என்று அந்தப் பிள்ளையிடம் பேச ஊரிலும் ஆளில்லை, பல வேளைகளில் கம்பஸிலும் ஆளில்லை.

அந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பதிவு தொடங்கும் வாரத்தில் விடுதிகளில் நடக்கும் பேச்சு எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஒன்றுதான். "அண்ணா, எது லேசு? ஆர் 'ஏ' குடுக்கிறவர்?" சீனியர் ஒருவர் பழைய வினாத்தாள்களை வைத்திருப்பார். ஒரு பாடத்தில் போன பட்ச்சில் பாதிப் பேருக்கு 'ஏ' கிடைத்ததென்று ஒரு கதை வரும். இன்னொரு விரிவுரையாளர் கடுமையானவர் என்று மற்றொரு கதை வரும். மறுநாள் காலையில் வகுப்பில் பெரும்பகுதி ஒரே பாடத்தில் பதிந்திருக்கும். நான்கு வருடப் படிப்பில் மாணவரின் சொந்த விருப்பத்துக்கென்று விடப்படுவது சில பாடங்கள் மட்டும். மற்றதெல்லாம் கட்டாயப் பாடங்கள். ஒரு பட்ச்சில் எல்லோருடைய சீ.வி.யிலும் அவை ஒரேமாதிரி இருக்கும். ஆளை ஆளிலிருந்து பிரித்துக் காட்டக்கூடிய அந்தச் சிலவற்றையும் கூட்டத்தோடு சேர்ந்து எடுத்துவிட்டால், நேர்முகத் தேர்வில் உங்களைப் பற்றிச் சொல்ல என்ன மிஞ்சும்?

மன்னார்ப் பிள்ளைக்கு இதில் பாரம் கூட. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. மன்னார் அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று. போரும் இடப்பெயர்வும் பள்ளிக்கூடங்களைச் சிதைத்த மாவட்டம் இது. தலைமன்னார் வரை ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதே 2015 மார்ச்சில்தான். உயர்தரத்தில் இணைந்த கணிதத்தோடு மல்லுக்கட்டி, தமிழ்மொழியில் எழுதி, இசற் புள்ளி பெற்று உள்ளே போகும் பிள்ளைக்கு முதல் அடி ஆங்கிலத்தில் விழுகிறது. கொழும்பிலோ கண்டியிலோ பெரிய பாடசாலையில் படித்தவருக்கு, தகப்பனோ மாமனோ பொறியியலாளராக இருப்பார். எந்தப் பாடம் எந்த வேலைக்குப் போகும் என்று சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடும். பேசாலையிலோ வங்காலையிலோ எருக்கலம்பிட்டியிலோ வளர்ந்த பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே வதந்தியே வழிகாட்டியாகிறது. இது பிள்ளையின் குற்றமல்ல. வழிகாட்ட வேண்டியவர்கள் செய்யாத வேலை.

ஒரு காற்றாலைக்குள்ளே

தம்பபவனியின் ஒரு சுழலியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். சுழல்வட்டத்தின் விட்டம் 126 மீற்றர்; இறக்கை ஒன்று 60 மீற்றருக்கு மேல் நீளம். காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதிலுள்ள வலு எட்டு மடங்காகும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கு. அதனால்தான் மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று அடிக்கும் மன்னார்க் கரைக்கு இத்தனை மவுசு. அந்த வலுவில் 59.3 வீதத்துக்கு மேல் எந்தச் சுழலியாலும் எடுக்க முடியாது என்று ஜேர்மனியரான அல்பேர்ட் பெட்ஸ் 1919-இல் காட்டினார். இறக்கையின் வடிவமும் அது காற்றுக்குக் கோணம் மாற்றித் திரும்பும் விதமும் பாய்ம இயக்கவியல், கட்டுப்பாட்டுத் தொகுதி ஆகிய பாடங்களுக்குள் வரும்.

காற்று ஒரே சீராக வீசாது. ஆகவே மின்பிறப்பாக்கியும் ஒரே வேகத்தில் சுற்றாது. ஆனால் வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் மீடிறனில் நிற்க வேண்டும். நடுவில் இருந்து இதைச் சரிசெய்வது மின்வலு இலத்திரனியல். குறைகடத்தி ஆளிகள் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடி, ஒழுங்கில்லாத மின்சாரத்தை ஒழுங்கான மின்சாரமாக்குகின்றன. பல பீடங்களில் இதன் அடிப்படை கட்டாயப் பாடம். ஆழமான பகுதி தெரிவுப் பாடம். கணக்கு அதிகம், ஆய்வுகூட வேலை அதிகம் என்பதால் பலர் ஒதுங்கும் பாடமும் இதுவே.

அங்கிருந்து மின்சாரம் நிலத்தடிக் கேபிள்களால் நடுக்குடா உபமின்நிலையத்துக்குப் போய், 220 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தப்பட்டுத் தீவைக் கடந்து பெருநிலத்துக்குச் செல்கிறது. அங்கே ரிலேக்கள், சுற்றுடைப்பான்கள், தூரத்திலிருந்து கண்காணிக்கும் கணினித் தொகுதி. எங்காவது பிசகினால் எதை, எத்தனை மில்லிசெக்கனில் துண்டிப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்து அமைத்து வைப்பது வலுத்தொகுதிப் பாதுகாப்பு. கோபுரத்தின் அடியிலோ மணல். கொஞ்சம் தோண்டினால் தண்ணீர். அந்த மணலில் இத்தனை பாரத்தை, அதுவும் காற்று தள்ளித் தள்ளி ஆட்டும் பாரத்தை, நிறுத்துவது புவித்தொழில்நுட்பப் பொறியியல். உப்புக்காற்றில் இரும்பு கரையாமல் காப்பது பதார்த்த விஞ்ஞானம்.

ஒரு கோபுரத்துக்குள் குடிசார், இயந்திர, மின், கணினி நான்கு துறைகளின் தெரிவுப் பாடங்களும் அடங்கிவிட்டன. பாடக் கையேட்டில் 'மூன்று கிரெடிட்' என்று மட்டும் போட்டிருக்கும் தலைப்பு வெளியில் எந்த இடத்தில் போய் வேலை செய்கிறது என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். அங்கிருந்து பூநகரி வழியாக ஏ-32 வீதியால் இறங்கினால் மன்னார். மூன்றாம் வருட மாணவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றி நடுக்குடாவுக்குக் கூட்டி வந்து, பாடப் பதிவுக்கு முன் ஒரு பகல் முழுக்கக் காட்டினால், ஐந்து அறிவுரைக் கூட்டங்கள் செய்யாததை அந்த ஒரு பகல் செய்யும்.

ஒரு குரங்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

2025 பெப்ரவரி 9. ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணியைத் தாண்டிய நேரம். பாணந்துறை கிரிட் உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகச் சொன்னார்கள். நாடு முழுக்க மின்சாரம் நின்றது. குரங்கைப் பற்றி உலகமெல்லாம் எழுதினார்கள். உண்மையான விஷயம் குரங்குக்கு அப்பால் இருந்தது. வேலைநாள் அல்லாததால் மின்தேவை குறைவு. வெயில் நல்ல வெயில். கூரைச் சூரியத் தகடுகள் நாட்டின் மின்சாரத்தில் பெரும் பங்கை அந்த நேரத்தில் தந்துகொண்டிருந்தன. பெரிய மின்நிலையச் சுழலிகள் குறைவாகவே ஓடின.

பெரிய மின்பிறப்பாக்கி ஒன்று பல தொன் எடையுள்ள இரும்பு. அது சுற்றிக்கொண்டிருக்கையில் வழங்கல் திடீரென்று குறைந்தாலும், மிதிப்பதை நிறுத்திய சைக்கிள் கொஞ்சத் தூரம் ஓடுவதுபோல் தன் வேகத்தில் மின்கட்டமைப்பைச் சில கணங்கள் தாங்கும். அந்தச் சில கணங்களுக்குள் மற்ற நிலையங்கள் கைகொடுத்துவிடும். இதுதான் சடத்துவம். சூரியத் தகட்டில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை. அதனால் சடத்துவமும் இல்லை. அன்று மீடிறன் சடாரென்று விழுந்தது. விழுந்ததும், பாதுகாப்புக்காகவே அப்படி அமைக்கப்பட்டிருந்த, தகடுகளைக் கட்டமைப்போடு இணைக்கும் இன்வேர்ட்டர்கள் பல தாமாகக் கழன்றுகொண்டன. அது வீழ்ச்சியை இன்னும் வேகப்படுத்தியது. மன்னாருக்குத் தெற்கே அதே கரையில், நுரைச்சோலையில் உள்ள லக்விஜய அனல்மின் நிலையத்தின் மூன்று 300 மெகாவாட் அலகுகளும் நின்றன. அவற்றை மறுபடி ஓட்ட நாள்கள் பிடித்தன. அடுத்த நாள்களில் நாடு முறைவைத்து மின்வெட்டை அனுபவித்தது. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை மறுபடி குறையும் என்பதால், கூரைத் தகடுகளைப் பகலில் அணைத்து வைக்கும்படி மின்சார சபையே மக்களிடம் கேட்டுக்கொண்டது.

இதை ஏன் இத்தனை விரிவாகச் சொல்கிறேன் என்றால், தெரிவுப் பாடத்தைத் தேர்வதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை. 2030-க்குள் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து எடுப்பது என்று நாடு இலக்கு வைத்திருக்கிறது. தகட்டைக் கூரையில் பூட்டத் தெரிந்தவர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்தத் தகடுகளும் காற்றாலைகளும் சேர்ந்த கட்டமைப்பு விழாமல் நிற்க என்ன செய்வதென்று தெரிந்தவர்கள்தான் போதவில்லை. மின்கல சேமிப்பு, கட்டமைப்பைத் தாங்கும் வகை இன்வேர்ட்டர்கள், வலுத்தொகுதி உறுதிநிலை, பாதுகாப்பு, காற்று எவ்வளவு வீசும் என்று முதல்நாளே கணிப்பது: வேலை அங்கே குவிகிறது. 'புதுப்பிக்கத்தக்க சக்தி' என்று பொதுவாகப் பெயரிட்ட, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொடும் ஒரு அறிமுகப் பாடத்தோடு நின்றவருக்கு அந்த வேலை கிடைக்காது. பெயர் கவர்ச்சியாக இருக்கும் பாடத்தைவிட, பெயர் வறண்டு இருக்கும் பாதுகாப்புப் பாடம் நேர்முகத் தேர்வில் அதிக தூரம் கொண்டுபோகும். ரிலே ஒன்றைத் தன் கையால் அமைத்துச் சோதித்த ஆளைத் தேடும் நிறுவனங்கள் இங்கும் உண்டு, டோஹாவிலும் உண்டு, மெல்பேர்னிலும் உண்டு.

இன்னொன்று. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்பு வந்தபோது, இரு நாட்டு மின்கட்டமைப்புகளையும் உயர் மின்னழுத்த நேரோட்டத்தில் இணைக்கும் உடன்படிக்கை ஒன்றும் கையெழுத்தானது. பாக்கு நீரிணையைக் கடந்து வரும் எந்த இணைப்புக்கும் மன்னார்தான் இயல்பான வாசல். அது எப்போது நடக்கும் என்பது வேறு கதை. ஆனால் நேரோட்ட மின்கடத்தல் என்ற பாடம் கையேட்டில் இருந்தும் ஆளில்லாமல் கிடந்தால், அந்த வேலைக்கு வெளியிலிருந்துதான் ஆள் வரும்.

ஒரே திட்டத்தை நம்பலாமா?

கூடாது. இதை மன்னார்க் கரையே இரண்டு தடவை கற்றுத் தந்திருக்கிறது.

2011-இல் கெய்ர்ன் லங்கா நிறுவனம் மன்னார்க் கடற்படுகையில் துளையிட்டு, டொராடோ, பரக்குடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டது. நாடே எண்ணெய் வளத்தைப் பற்றிப் பேசியது. 2015-இல் நிறுவனம் விலகிப் போனது. வாயு இன்னமும் கடலடியில் கிடக்கிறது. பிறகு இந்தியாவின் அதானி குழுமம் வந்தது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை, 442 மில்லியன் டொலர் முதலீடு என்று 2023 பெப்ரவரியில் அனுமதி கிடைத்தது. விலையில் அரசுடன் இழுபறி, நீதிமன்றத்தில் வழக்குகள்; 2025 பெப்ரவரியில் அதானியும் விலகிற்று. இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் மனதில் வைத்துப் பாடங்களை எடுத்தவர் பட்டம் பெறும் வருடத்தில் வெறுங்கையோடு நின்றிருப்பார்.

அதைவிட வெளிப்படையாக ஒன்று சொல்ல வேண்டும். ஓடத் தொடங்கிய காற்றாலைப் பண்ணைக்கு நிரந்தரப் பொறியியலாளர்கள் மிகச் சிலரே போதும். கட்டும் காலத்தில் ஆள் வேண்டும். கட்டி முடிந்ததும் அவர்கள் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். காற்றாலை வந்தால் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வேலை என்று மேடையில் சொல்லப்படுவதை நம்பிப் பாடம் தேர்ந்தால் ஏமாற்றந்தான். காற்றாலை நமக்குத் தருவது வேலைகளின் பட்டியல் அல்ல. ஒரு திறமை எங்கெல்லாம் பயன்படும் என்ற புரிதல். மின்வலு இலத்திரனியல் படித்தவர் காற்றாலையில் இடமில்லாவிட்டால் சூரியசக்தி நிறுவனத்துக்குப் போகலாம். ஆடைத் தொழிற்சாலையின் மோட்டார் இயக்கிகளுக்குப் போகலாம். மின்கலம், மின்வாகனம் என்று போகலாம். கடற்கரையோரப் பொறியியல் படித்த குடிசார்ப் பொறியியலாளருக்கு மீன்பிடித் துறைமுகம், அலைதடுப்பு, பாலம் என்று இந்தத் தீவு நாட்டைச் சுற்றி வேலை இருக்கிறது. ஒரு பாடத்தை எடுக்கும் முன் 'இது இல்லாவிட்டால் வேறு எந்த மூன்று இடங்களில் இது செல்லும்?' என்று கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதானியுடன் பேசப்பட்ட விலை அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம். பின்னர் 2025-இல் மன்னாரில் 50 மெகாவாட் காற்றாலைக்கு ஹேலீஸ் குழுமத்துடன் ஒப்பந்தமான விலை 4.65 சதம். ஒரே தீவு, ஒரே காற்று. இந்த வித்தியாசம் ஏன் வந்தது? கடன் வட்டி, கேள்விப்பத்திர முறை, கடத்தல் கம்பி யார் செலவு, ஒப்பந்தக் காலம், ஆபத்தை யார் சுமப்பது. இவற்றைக் கணக்கிடக் கற்றுத் தருவது பொறியியற் பொருளியலும் செயற்றிட்ட முகாமைத்துவமும். மாணவர்கள் இவற்றைப் 'புள்ளிக்காக' எடுக்கும் மென்மையான பாடங்களாக நினைக்கிறார்கள். இந்த இரண்டு விலைகளையும் மேசையில் வைத்து, வித்தியாசத்துக்குக் காரணம் எழுதச் சொல்லி ஒரு ஒப்படை கொடுத்தால் அந்தப் பாடத்தின் கனம் தெரியும்.

தெருவுக்கு வந்த மக்கள்

2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளின் பாகங்களை ஏற்றி வந்த வாகனங்களை மறித்தார்கள். ஜனாதிபதி தலையிட்டு வேலைகளை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். செப்டெம்பர் இறுதியில் பொலிஸ் பாதுகாப்போடு பாகங்கள் மறுபடி கொண்டுவரப்பட்ட இரவில் கைகலப்பு, மக்கள் காயப்பட்டார்கள். அந்தப் போராட்டத்தில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது: தீவின் மணலிலிருந்து இல்மனைட் அகழ வேண்டாம். அதானி திட்டத்துக்கு எதிராக அதற்கு முன்பே சுற்றாடல் அமைப்புகளும் மன்னார் ஆயரும் உயர் நீதிமன்றம் போயிருந்தார்கள்.

மக்கள் சொல்வது என்ன? காற்றாலைகளுக்காகப் போட்ட வீதிகளும் மேடைகளும் மழைநீர் வழமையாக ஓடும் பாதைகளை மறித்துவிட்டன, அதனால் ஊருக்குள் வெள்ளம் நிற்கிறது. மீன் கரையோரம் வருவது குறைந்துவிட்டது. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் வழி இது. பூநாரைகள் கூட்டங்கூட்டமாக இறங்கும் வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம். பரப்பில் சிறிய, கடல் மட்டத்தோடு ஒட்டிய தீவு இது. இங்கே நிலத்தடி நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய படையாகத் தங்கியிருக்கிறது. அதைக் குழப்பினால் கிணறு உவர்க்கும்.

இந்தக் குறைகளில் எது எவ்வளவு சரி என்று அளந்து சொல்ல வேண்டியவர் பொறியியலாளர். நீரியல், வடிகாலமைப்பு, நிலத்தடிநீர், சுற்றாடல் தாக்க மதிப்பீடு: இவை எல்லாம் தெரிவுப் பாடங்களாக இருக்கின்றன, பலரும் கடைசியில் இடமிருந்தால் எடுக்கிறார்கள். 1980-ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் பெரிய திட்டங்களுக்கு மதிப்பீட்டறிக்கை வேண்டும். பொதுமக்கள் அதைப் படித்துக் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. பேசாலை மீனவர் ஒருவர் அந்த அறிக்கையின் வடிகால் அத்தியாயத்தைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்க வேண்டுமானால், அதைத் தமிழில் அவருக்கு விளக்கத் தெரிந்த பொறியியலாளர் வேண்டும். நிறுவனத்தின் பக்கமும் அதே ஆள் வேண்டும். மக்கள் சொல்வதைக் கேட்டு, வீதியின் கீழ் எத்தனை மதகு எங்கே வேண்டும் என்று வரைபடத்தில் போடுகிற ஆள். மன்னாரில் பிறந்து, கச்சான் காற்றும் கொண்டல் காற்றும் எப்போது அடிக்கும் என்று வீட்டிலேயே கேட்டு வளர்ந்து, நீரியலையும் ஆழமாகப் படித்த ஒருவருக்கு இந்த வேலையில் கொழும்பு ஆள் எவரும் போட்டியாக வர முடியாது. இது உணர்ச்சிப் பேச்சல்ல, வேலைச்சந்தைக் கணக்கு.

2025 நவம்பர் இறுதியில் 'தித்வா' புயல் நாட்டைப் புரட்டியபோது நீரியலின் அவசரம் இன்னும் கூடிற்று. அருவியாறு அநுராதபுரத்துப் பக்கமிருந்து வெள்ளத்தைக் கொண்டுவந்து மன்னாரின் பெருநிலப் பகுதியில் கொட்டுகிற ஆறு. அதன் குறுக்கே தேக்கத்தில் கட்டிய அணைதான் கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் அனுப்புகிறது. அந்தப் பழைய அணையையும் குளத்தையும் ஒரு நீரியல் மாதிரியில் கணினியில் வைத்து ஓட்டிப் பார்ப்பது, ஒரு பட்ச்சுக்கு அல்ல, பத்துப் பட்ச்சுக்கு இறுதியாண்டுச் செயற்றிட்டம்.

கணினிப் பொறியியல் மாணவருக்குச் சுருக்கமாக. இயந்திரக் கற்றல் என்று பெயர் இருந்தால் இன்று வகுப்பு நிரம்புகிறது. புள்ளியியலும் நேர்கோட்டு அட்சரகணிதமும் கையில் இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் முதலில் அவற்றை எடுங்கள். தம்பபவனியில் பறவைக் கூட்டம் வருவதை ரேடாரால் கண்டு சுழலியை நிறுத்தும் ஏற்பாடு இருக்கிறது. காற்றைக் கணிப்பதும் காலத்தொடர் தரவுதான். அதில் ஒரு சின்ன வேலையைச் செய்து முடித்தவர், பத்து ஆன்லைன் சான்றிதழ் வைத்திருப்பவரைவிட முன்னால் நிற்பார். கைத்தொழிற் கட்டுப்பாட்டு வலையமைப்புகளின் பாதுகாப்பும் ஆள் குறைந்த துறை.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் தொழில்சார் தெரிவுப் பாடங்களைத் துறைவாரியாகத் தொகுதி தொகுதியாக அடுக்கிவிட்டது. ஒரே தொகுதியிலிருந்து மேலதிகமாக 18 கிரெடிட் எடுத்தால் ஹானர்ஸ் பட்டம்; வேறு துறையிலிருந்து எடுத்தால் மைனர். அங்கேயும் குறைகள் உண்டு. கல்லூரி நடத்தும் பாடத்தைத்தான் பிள்ளை எடுக்க முடியும். ஆனாலும் பாடங்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் அதில் எழுத்தில் இருக்கிறது. தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் பொறியியல் கல்லூரிகளுக்குள் தொழிற்றிறன் பாடங்களைக் கொண்டு வந்தது. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்று சக்தி நிறுவனம் பயிற்சிகள் நடத்துகிறது. டென்மார்க்கின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் காற்றுசக்தியில் ஒரு அறிமுகப் பாடத்தை இணையத்தில் எவரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறது. தாழ்வுபாட்டில் நிற்கும் சுழலி பிறந்த நாட்டிலிருந்தே வரும் பாடம் அது.

இலங்கையில் பாடங்களைக் கோக்கும் வேலை பிள்ளையின் தலையில் விழுகிறது. நான் சொல்லும் முறை இதுதான்: இறுதியாண்டுச் செயற்றிட்டம் என்னவாக இருக்க வேண்டும் என்பதை மூன்றாம் வருடத்திலேயே ஏறக்குறைய முடிவு செய்யுங்கள். பிறகு அதற்கு வேண்டிய பாடங்களைப் பின்னோக்கி எண்ணுங்கள். நடுவில் வரும் கைத்தொழிற் பயிற்சியையும் அதே திசையில் கேளுங்கள். பாதுகாப்புப் பாடம், மின் நிறுவனமொன்றில் பயிற்சி, காற்றாலைப் பண்ணையொன்றின் ரிலே அமைப்பைப் பற்றிய செயற்றிட்டம் என்று மூன்றும் ஒரே கோட்டில் வந்தால், நேர்முகத் தேர்வில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டதும் பேச நிறைய இருக்கும். தனியே படிக்கக்கூடியதைத் தனியே படியுங்கள். ஒரு நிரல்மொழியைப் படிக்கக் கிரெடிட் செலவழிக்க வேண்டாம். ஆய்வுகூடமும் உபகரணமும் நல்ல ஆசிரியரும் இல்லாமல் படிக்கவே முடியாததற்குக் கிரெடிட்டைச் செலவழியுங்கள்.

புள்ளியை நான் குறைத்துப் பேசவில்லை. சராசரிப் புள்ளி (ஜீ.பி.ஏ.) 3.70-உம் அதற்கு மேலும் என்றால் முதல் வகுப்பு என்பது பல பீடங்களின் வழமை. விரிவுரையாளர் பதவிக்கும் வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கும் அந்த எண் கதவைத் திறக்கும். 3.6-இல் நிற்கும் பிள்ளை ஒரு லேசான பாடத்தை எடுத்தால் அதில் தவறொன்றுமில்லை. 2.9-இல் நிற்கும் பிள்ளை எல்லாப் பாடத்தையும் லேசாகவே எடுத்தால்தான் கவலை: 3.1-க்கு ஏறினாலும் முதல் வகுப்பில்லை, கையில் தொழிலும் இல்லை.

வடக்கு மாணவர்கள் அதிகம் தவிர்ப்பது, வகுப்பின் முன் எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேச வேண்டிய பாடங்களை. சமர்ப்பணம், அறிக்கை, குழு வேலை என்று கையேட்டில் இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தப் பாடத்தையே தேடி எடுங்கள். தடுமாற வேண்டிய இடம் வகுப்பு. அங்கே தடுமாறினால் நட்டம் ஒன்றுமில்லை. வேலைக்கு எடுக்கும் மேசையின் முன் முதல் தடவையாகத் தடுமாறினால் வேலை போகும்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். பெண்பிள்ளை களப்பாடம் எடுத்தால் படகில் போக வேண்டும், வெயிலில் அளவெடுக்க வேண்டும், பயிற்சிக்கு வேறு மாவட்டத்தில் தங்க வேண்டும் என்று தடுக்கிறார்கள். அவள் உயர்தரத்தில் எடுத்த பெறுபேற்றை ஊரெல்லாம் சொன்ன அதே வாயால் இதையும் ஆமென்று சொல்லுங்கள். கரையோர அளவீடும் மண் பரிசோதனையும் தெரிந்த பெண் பொறியியலாளர்கள் மன்னாருக்கு வேண்டும்.

கடைசியாக ஒரு நடைமுறை. கையேட்டில் இருக்கும் எல்லாத் தெரிவுப் பாடமும் ஒவ்வொரு வருடமும் நடப்பதில்லை. ஆள் குறைந்தால் பாடம் நடக்காது. விரிவுரையாளர் வெளிநாடு போயிருந்தாலும் நடக்காது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கம்பஸ்களிலிருந்து வெளியேறிய விரிவுரையாளர்கள் அநேகர் என்பதால் இது இப்போது இன்னும் கூடியிருக்கிறது. ஆகவே பதிவு நாள் வரை காத்திருக்க வேண்டாம். முந்திய தவணையிலேயே அதே பாடத்தை விரும்பும் ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு, துறைத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எந்தப் பாடம், ஏன் வேண்டும், எந்தச் செயற்றிட்டத்துக்காக வேண்டும் என்று எழுதுங்கள். அரச மின் நிறுவனத்திலோ தனியார் நிறுவனத்திலோ வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவர் வருகை விரிவுரையாளராகச் சில வாரம் வந்து நடத்த முடியுமா என்று அவரிடம் கேட்டுவிட்டு, அவருடைய சம்மதத்தையும் சேர்த்து அனுப்புங்கள். கடிதம் துறைக் கூட்டத்துக்கு முன்பு போய்ச் சேர வேண்டும். கூட்டத் திகதியை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.